முதல் எபிசோடில் வந்த ‘நடங்க’

மகனுக்கு அம்மா எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் உன்னை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். பெற்றவளுக்கு அந்த உரிமை இன்னும் மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன். இதைத் தனியாக உன் போனுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ ஊரறியப் பேசினாய், நானும் ஊரறியத்தான் பதில் சொல்வேன். வீடியோ எடுக்க எனக்குத் தெரியாது. சத்துணவுக் கூடத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கெழுதியே ஓய்வு பெற்றவள், எழுத வரும். எதிர்வீட்டுப் பெண் இதைத் தட்டி, உன் வீடியோவுக்குக் கீழேயே போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு நீளம் அங்கே கொள்ளாதாம், துண்டு துண்டாகத்தான் போட முடியுமாம். போடட்டும். உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, அதற்குள் இதையும் சொல்லிவிட வேண்டும்.

நீ சென்னையில் வேலை முடிந்த நேரத்தில் பழைய கார்ட்டூன்களைப் பற்றிப் பேசி வீடியோ போடுகிறாய் என்பது எனக்குத் தெரியும், பெருமையாகவும் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நீ எடுத்துக்கொண்டது நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தமிழில் பேசவைத்துப் போட்டார்களே, அந்தக் குடும்பக் கார்ட்டூன். அதன் முதல் எபிசோடை இத்தனை வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்து, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறாய். உன் கெட்டிக்காரத்தனத்தைப் பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே அரிப்பு. நான் பார்ப்பதற்கு முன்பே சம்பந்தியம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். திருவிடைமருதூரிலிருந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “மாப்பிள்ளை ரொம்பத் தமாஷா பேசுறாரு சம்பந்தி. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்,” என்றார்கள். உன்னைப் ‘பேசுறாரு’ என்றார்கள், கவனித்துக்கொள். பிறகுதான் நான் பார்த்தேன்.

அந்தக் கார்ட்டூன் அப்பனை எனக்கு நினைவிருக்கிறது. பச்சைத் தொப்பி, பானை வயிறு. ஊர் எல்லையில் வரும் கார்களுக்குக் கேட்டைத் தூக்கிவிட்டு இறக்கும் வேலை, நடுநடுவே தூக்கம். அதையெல்லாம் நீ நடித்துக் காட்டினாய், நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. அதற்கப்புறம் நீ கேமராவைப் பார்த்துச் சொன்னதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் நீ சொன்ன மாதிரியே எழுதுகிறேன். “எங்கப்பன் இருக்கான் பாருங்க, அவனுக்கும் இதே வேலைதாங்க. அங்க கேட்டு, இங்க ஷட்டரு. தொறக்கணும், மூடணும், நடுவுல தூங்கணும்.” முகம் தெரியாத ஜனத்துக்கெல்லாம் ‘பாருங்க’, ‘சொல்லுங்க’, போகும்போது மறக்காமல் மணியை வேறு ‘அழுத்துங்க’. பெற்ற தகப்பனுக்கு ‘இருக்கான்’. நம் வீட்டில் இருந்த மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துப்போய் யார் யாருக்கோ பங்கு வைத்துவிட்டு, உரியவருக்கு மட்டும் இல்லை என்று கையை விரித்துவிட்டாய்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அது செல்லம்தாம்மா, இப்போதெல்லாம் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், உனக்குப் புரியாது என்பாய். செல்லம் எனக்கும் புரியும். என்னை நீ பொழுதுக்கும் ‘நீ’ என்கிறாய், ‘எங்கம்மா சொன்னா’ என்கிறாய், ஒருநாளாவது முகம் சுளித்திருப்பேனா? சாமியையே ‘நீ’ என்றுதானே கும்பிடுகிறோம். அந்த வீடியோவில் என்னை என்ன சொல்லியிருந்தாலும் சம்பந்தியம்மாவோடு சேர்ந்து சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். எத்தனையோ வீட்டில் அப்பனையும் ‘நீ’ என்கிறார்கள், அவர்கள் பாசத்துக்கும் ஒன்றும் குறைவில்லை. ஆனால் நம் வீட்டில் அந்த ‘ங்க’ எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா சொல்ல மாட்டார், நானும் இதுவரை சொன்னதில்லை. இப்போது கேள்.

உன் தாத்தா மிராசு வீட்டு வயலில் வேலை செய்தவர். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், உன் அப்பாவை விடச் சின்னதுகள், உன் தாத்தாவை ‘டேய்’ என்று பேர் சொல்லித்தான் கூப்பிடும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ‘சொல்லுங்க சின்னய்யா’ என்று நிற்பார். உன் அப்பா பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர். அவரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் அப்படித்தான் நின்றார். அந்தக் காலத்தில் அது யாருக்கும் விசேஷமாகத் தெரியவில்லை, நாற்றுக்கட்டைத் தலையில் தூக்குகிற மாதிரி அதுவும் ஒரு வேலை என்று செய்தார்கள். பத்தாவது படித்தவர் என்பதால் பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை கிடைத்தது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பில் நின்று, மேலே சொல்கிறபடி ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. நீ சொன்னாயே, திறக்கிறது, மூடுகிறது. அதேதான்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு, முறை வைத்துத்தான் விட்டார்கள். ஒரு முறை தலைமடைக்கு என்றால் அடுத்த முறை கடைமடைக்கு. மிராசு வீட்டு மூத்தவர், சின்ன வயதில் உன் அப்பாவை ‘டேய்’ என்றவர், குடையைப் பிடித்துக்கொண்டு தலைப்பில் வந்து நின்றாராம். நாற்றங்கால் காய்கிறது. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாராம், எப்படிக் கேட்பது என்று தெரியாமல். உன் அப்பா வீட்டுக்கு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். “‘எப்ப விடுவீங்க’ன்னு கேட்டாரு.” அவ்வளவுதானே என்றேன் நான். “விடுவீங்கன்னு கேட்டாருடி,” என்றார் மறுபடியும். சோறு போட்டேன், சாப்பிடும்போது இன்னொரு தடவை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஒரு ‘ங்க’வுக்கா இந்தப் பாடு என்று கேலி செய்தேன். அந்த மனுஷனுக்கு அவர் ஒரு சொட்டு கூடுதலாக விடவும் இல்லை, குறைத்து விடவும் இல்லை. முறை வந்தபோது விட்டார்.

நீ பிறந்ததும் வீட்டில் சட்டமே போட்டுவிட்டார். பிள்ளை பேச ஆரம்பிக்கும்போதே ‘வாங்க, போங்க’ சொல்லிக்கொடு என்றார். நம் தெருவில் யாரும் அப்பனை அப்படிக் கூப்பிட்டதில்லை. லஸ்கர் வீட்டில் பூனைக்குக்கூட ‘வாங்க’தானாம் என்று கிண்டல் பண்ணினார்கள். நீ மழலையில் ‘அப்பா வாங்கோ’ என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால், மற்ற நேரமெல்லாம் உன்னை ‘வாடா, போடா, டேய் கழுதை’ என்கிற மனுஷன் வெட்கப்பட்டுப்போய் என்னைப் பார்ப்பார். அவர் உன்னைக் கூப்பிட்ட ‘டா’வும் நீ அவரைக் கூப்பிட்ட ‘ங்க’வும் சேர்ந்துதான் நம் வீடு நடந்தது.

அந்தக் கார்ட்டூன் வந்த காலத்தையும் நினைவுபடுத்துகிறேன். பள்ளிவிட்டு வந்து நீ டிவி முன்னால் உட்காருவாய். முறை நாட்களில் அவர் ராத்திரியெல்லாம் கரையில் கிடந்துவிட்டு வந்திருப்பார், உன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுப்பார். சத்தத்தைக் குறைடா என்று நான் கத்துவேன். “வச்சிக்கட்டும், எனக்கு அது ஒண்ணும் பண்ணாது,” என்பார். நீ சிரிக்கிற சத்தத்தில்தான் அவர் தூங்கினார். ஒருநாள் அந்தக் கார்ட்டூன் பையன் சொல்கிற மாதிரியே நீ அவரை ‘யோவ் டாடி’ என்று கூப்பிட்டாய். நான் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர்தான் தடுத்தார், பொம்மை பேசுகிறதைப் பிள்ளை பேசுகிறது, அதற்குப் போய் அடிப்பாயா என்றார். வீட்டுக்குள் நீ என்ன சொன்னாலும் அவருக்கு வலித்ததில்லை. அதனால் அவருக்கு எதுவுமே வலிக்காது என்று நீ முடிவு செய்துவிட்டாய்.

அதோடு விட்டாயா, பள்ளிக்கூடத்துக் கதையையும் எடுத்துவிட்டாய். கார்ட்டூனில், அப்பாக்கள் வகுப்புக்கு வந்து தங்கள் வேலையைப் பற்றிச் சொல்கிற நாள் ஒன்று வருகிறது. அந்தத் தொப்பிக்காரன் தாமதமாக வந்து, சின்னப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, தூங்கிப்போய், எழுந்திருக்கும்போது நாற்காலி இடுப்போடு மாட்டிக்கொண்டு வருகிறது. உடனே நீ உன் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தைச் சொன்னாய். சேற்றுக் காலோடு வந்தானாம், பெஞ்சில் உட்கார்ந்து குறட்டை விட்டானாம், நீ அவன் யாரென்றே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாயாம். உன் வீடியோவில் அந்த இடத்துக்குத்தான் நிறையப் பேர் சிரித்த முகம் போட்டிருக்கிறார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் காட்டினாள்.

மகனே, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் தூங்கியது நிஜம். கடைமடைக்கு முறை விட்ட வாரம் அது. தலைமடைக்காரர்கள் ஆளில்லாத நேரம் பார்த்து ஷட்டரை இறக்கிவிடக் கூடாது என்று தலைப்பிலேயே கிடந்தார். அங்கிருந்து நேராக சைக்கிளை மிதித்து வந்தார், நீ பரிசு வாங்குகிறாய் என்று. பிள்ளைகள் சிரித்தார்கள், அதுவும் நிஜம். ஆனால் நீ யாரோ மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. வரிசையை விட்டு எழுந்து, எல்லாரும் பார்க்க நடந்து வந்து, அவர் தோளைத் தொட்டு எழுப்பினாய். “அப்பா, எழுந்திரிங்க. என் பேரைக் கூப்பிடப் போறாங்க,” என்றாய். அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார், நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வீடு வந்து சேருகிற வரைக்கும் அவர் அதைப் பற்றித்தான் பேசினார். நீ அன்றைக்குச் செய்தது நல்ல காரியம். அதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று மாற்றிவிட்டாய். அப்பனை விற்றது போதாது என்று, அன்றைக்கு எழுந்து வந்த அந்தப் பையனையும் சேர்த்து விற்றிருக்கிறாய். அப்பனைக் கூட மன்னிப்பு கேட்டுச் சரிசெய்யலாம், அந்தப் பையனை எங்கே போய்த் தேடுவேன்?

எனக்கு மனசு ஆறவில்லை. நீ பெரிதாகச் சொன்ன அந்த முதல் எபிசோடை நானும் ஒருமுறை பார்த்துவிடுவது என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் தேடி எடுத்துத் தரச் சொன்னேன். தமிழில் பேசுகிற அதே பழையது கிடைத்தது. உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். நீ சொன்னதெல்லாம் இருந்தது. நீ சொல்லாமல் விட்டதும் இருந்தது. நாற்காலி மாட்டிய இடுப்போடு அந்த அப்பன் தெருவில் இறங்குகிறான். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், காரில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது, படம் முழுக்க ‘யோவ் டாடி’ என்று வாய் நீட்டிய அந்தப் பையன், புத்தகப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பனுக்குப் பின்னாலேயே ஒட்டி நடக்கிறான், நாற்காலி யார் கண்ணிலும் படாமல் மறைத்துக்கொண்டு. “மெதுவா நடங்க டாடி, நான் பின்னாடிதான் வர்றேன்,” என்கிறான். அதோடு முடிகிறது.

‘நடங்க’ என்கிறான். நான் பின்னுக்குத் தள்ளித் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் படத்தை எடுத்த தேசத்தில் இந்த ‘ங்க’ எல்லாம் கிடையாது, அவர்கள் பாஷையில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்தான் என்று எதிர்வீட்டுப் பெண் சொல்கிறாள். அப்படியானால் தமிழில் எழுதிக்கொடுத்த யாரோ ஒரு புண்ணியவான், படம் முழுக்கச் சேர்த்துவைத்து அந்த ஒரு இடத்தில் போட்டிருக்கிறார். அவருக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார். பொம்மைக்குத் தெரிந்திருக்கிறது எங்கே ‘யோவ்’, எங்கே ‘நடங்க’ என்று. நீ எபிசோடைத் திரும்பப் பார்த்தேன், திரும்பப் பார்த்தேன் என்றாயே, கடைசிவரை பார்த்தாயா? பார்த்துவிட்டும் சொல்லாமல் விட்டாயா?

உன் அப்பா எப்படி எடுத்துக்கொண்டார் என்று நீ என்னிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு தடவை போடு என்றார், போட்டேன். குரல் நன்றாக இருக்கிறது என்றார், எழுந்து போய்விட்டார். மறுநாள் டீக்கடையில் யாரோ அதைப் போட்டு, “என்ன லஸ்கரு, தூக்கம் வருதா?” என்று கேட்டிருக்கிறார்கள். நேற்றுவரை ‘வாங்க லஸ்கரே’ என்று நகர்ந்து இடம் கொடுத்த பெஞ்சு அது. இப்போது டீயை வீட்டில் குடித்துக்கொள்கிறார். கேட்டால் அங்கே பால் சரியில்லை என்கிறார்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். அந்த வீடியோவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நான் அவரிடம் கொடுத்தேன். ‘டேய்’ என்று ஆரம்பிப்பார் என்று பக்கத்திலேயே நின்றேன். “சாப்பிட்டீங்களா?” என்றார். “வேலையெல்லாம் உங்களுக்கு எப்படி இருக்கு?” என்றார். நீ அந்தப் பக்கம், என்ன சார் இன்றைக்கு மரியாதை பலமாக இருக்கிறது என்று சிரித்தது எனக்கே கேட்டது. “வச்சிடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு என் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான். நீ இன்னும் அதை விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். கல்யாண மாப்பிள்ளைக்கு அப்பா கேலியாகக் கொடுக்கிற மரியாதை என்று உன் கூட்டாளிகளிடம்கூடச் சொன்னாயாம்.

பெற்ற பிள்ளையைப் போய் ஏன் இப்படி ‘நீங்க’ போட்டுப் பேசுகிறீர்கள் என்று நேற்று அவரிடம் கேட்டேன். சண்டை போடுவார், அழுவார், இரண்டில் ஒன்று நடந்தால் தேவலை என்றுதான் கேட்டேன். அவர் கயிற்றுக்கொடியில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். “நமக்குப் பழக்கம்தான.” அவர் போனில் பேசிய குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இருந்தது. அது மிராசு வீட்டுப் பிள்ளைகளிடம் உன் தாத்தா பேசிய குரல், நான் மருமகளாக வந்த புதிதில் கேட்டது. அந்தக் குரலை விட்டு வெளியே வருவதற்குத்தான் அந்த மனுஷன் படித்தார், வெயிலிலும் மழையிலும் கரையில் நின்றார், உனக்கு வாய் திறக்கும் முன்னாலேயே ‘வாங்க’ கற்றுக்கொடுத்தார். நீ ஒரே ஒரு ‘இருக்கான்’ சொல்லி அவரைக் கொண்டுபோய் அதே வரப்பில் நிறுத்திவிட்டாய். மிராசு வீட்டில் இப்போது ஆளில்லை. அந்த இடத்தில் நீ நிற்கிறாய்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தாய் சொல்ல வேண்டியது என்று சில உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பெண்டாட்டி உன்னை ‘நீ’ என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், பேர் சொன்னாலும் சொல்லட்டும், அது உங்கள் இரண்டு பேர் பாடு. ஆனால் நாலு பேர் கூடின இடத்தில் அவளை வைத்துச் சிரிக்க வைக்காதே. சிரிக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் உன்னை வைத்துச் சிரிக்க வை, அதற்குத் தேவையான சரக்கு உன்னிடம் ஏராளமாக இருக்கிறது. நாளைக்கு உனக்கும் ஒன்று பிறக்கும். அது உன்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள், நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த வீடியோவை அழிக்கவும் சொல்லவில்லை. சிரித்த ஜனத்தின் வாயிலிருந்து சிரிப்பைத் திரும்ப வாங்க முடியாது.

முகூர்த்தத்தன்று தாம்பாளத்தில் அவர் காலை வைத்து நீ தண்ணீர் ஊற்றிக் கழுவுவாய், பூப் போடுவாய். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் குனியச் சொல்வார், நீயும் குனிவாய். அப்போது அவர் உன் தோளைத் தொட்டு ‘எழுந்திரிங்க’ என்பார். பந்தலில் இதைப் படிக்காதவர்கள் எல்லாரும் மாப்பிள்ளைக்கு அப்பா எவ்வளவு மரியாதை கொடுக்கிறார் என்று பூரித்துப்போவார்கள். உனக்கும் எனக்கும் தெரியும், அது என்ன மரியாதை என்று. அந்த நாள் அப்படி நடக்கக் கூடாது என்றால் அதற்கு முன்னால் ஒருமுறை வீட்டுக்கு வா. போன் வேண்டாம், கேமரா வேண்டாம். வாசலில் நின்று ‘அப்பா’ என்று கூப்பிடு. அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித்தர மாட்டேன், அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உனக்கு யாரும் எழுதித்தரவில்லை.

அவர் உள்ளேயிருந்து ‘வாடா’ என்றால் ஓடி வா. உனக்குப் பிடித்த குழம்பு அடுப்பில் இருக்கும், முன்னைப் போல அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். ‘வாங்க’ என்றால், என்னால் அவரை மீறி ஒன்றும் செய்ய முடியாது. கூடத்தில் நாற்காலி எடுத்துப் போடுகிறேன். உட்காருங்க தம்பி, காப்பி கொண்டு வர்றேன்.